மீளும் இடமும் மீளாப் பொருளும் : சீ மொழியின் நெடுந்தாவல்

ஒரு கருமத்தை மேற்கொண்டு சென்றவன், அதனை முடித்தபின் தன்னை ஏவியவனிடமே மீளுதல் உலக வழக்கு. கொம்பனித்தெருவிற் கடை வைத்திருக்கும் வணிகன் ஒருவன் சரக்கு வாங்கிவரப் புறக்கோட்டைக்கு ஓர் ஏவலாளனை அனுப்புகின்றான் எனக் கொள்வோம். அவன் அச்சரக்கின் ஒரு பகுதியைப் பெறும்பொருட்டுக் கொட்டாஞ்சேனைக்கு இரண்டாமவனை அனுப்புகின்றான். இரண்டாமவன் துறைமுகப் பண்டசாலைக்கு மூன்றாமவனை விடுக்கின்றான். மூன்றாமவன் இரண்டாமவனிடமும், இரண்டாமவன் முதலாமவனிடமும், முதலாமவன் வணிகனிடமும் மீண்டு தத்தம் விடயத்தைக் கூறுதல் ஒழுங்கான மீட்சியாகும். ஆனால் அச்சரக்கை ஏற்றிய கப்பல் வந்து சேரவேயில்லை என்று பண்டசாலையில் அறிந்த மூன்றாமவன், தொலைபேசியில் வணிகனுக்கே நேரே செய்தி சொல்லிவிடுதலும் கூடும். இடையிலுள்ள இருவரும் செய்யத்தக்கது இனி யாதுமில்லையாதலின் இது காலத்தை மிச்சப்படுத்தும் வழியே. எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. புறக்கோட்டையில் நிற்பவன் வாடகைக்கு அமர்த்திய வண்டியை விடுவிப்பவர் யார்?

இவ்வினாவே சீ என்னும் கணனி மொழியிலுள்ள நெடுந்தாவல் முறைக்கும் உயிர்நிலையானது. செட்ஜம்ப், லோங்ஜம்ப் எனும் இரண்டு பெயர்களால் வழங்கும் அம்முறை எதனை மீட்டுத் தருகின்றது, எதனை மீட்டுத் தருவதில்லை என்பதை அறியாது அதனைக் கையாண்டோர் இடர்ப்பட்டனர். அம்மொழியை ஆக்கிய அறிஞரும் இதே வகையான இடர்ப்பாட்டுக்கு விலக்காகவில்லை என்பது பின்னர்ப் புலப்படும்.

சீ மொழியில் எழுதப்படும் செய்நிரல், சார்புகள் எனப்படும் சிறு பகுதிகளால் ஆயது. ஒரு சார்பு மற்றொன்றை அழைக்கும். அழைக்கப்பட்டது தன் பணியை முடித்து அழைத்ததிடம் மீளும். அழைப்புத் தோறும் நினைவகத்தில் ஒரு சட்டகம் எழுப்பப்படுகின்றது. அச்சார்புக்கே உரிய மாறிகளும், பணி முடிந்தபின் மீளவேண்டிய இடத்தின் முகவரியும் அச்சட்டகத்தில் அடங்கும். ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சட்டகங்கள் ஏறுதலும், கடைசியாக ஏறியது முதலில் இறங்குதலுமாய் அமைந்த இவ்வொழுங்கு அடுக்கு எனப்படும். தன்னைத்தானே அழைக்கும் செய்நிரல்களை இவ்வடுக்கின் துணைகொண்டு நிறைவேற்றுமாற்றை 1960ஆம் ஆண்டில் ஒல்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்றா ஒரு கட்டுரையில் விளக்கினார். இன்றைய மொழிகளிற் பெரும்பாலானவை இவ்வொழுங்கின் மீதே நிலைபெற்றுள்ளன.

இவ்வொழுங்கு இடர் தரும் சந்தர்ப்பமும் உண்டு. அடைப்புக்குறிகள் பல நிறைந்த ஓர் எண்கணிதக் கோவையை வாசித்து விடை காணும் செய்நிரலை எடுத்துக்கொள்வோம். ஓர் அடைப்புக்குறியைக் கண்டதும் அச்சார்பு உள்ளே இருப்பதைக் கணிக்கத் தன்னையே மீண்டும் அழைக்கின்றது. பத்து அடைப்புக்குறிகளுக்குள் சென்றபின், ஓரிடத்தில் முடிவு அடைப்புக்குறி இல்லை எனத் தெரியவருகின்றது. அக்கோவை முழுவதுமே பயனற்றது. அடுத்த கோவையை வாசிக்கத் தொடங்குதலே செய்யத்தக்கது. ஆயினும் ஒழுங்கான மீட்சியில், பத்தாம் படியிலுள்ள சார்பு ஒன்பதாம் படிக்குப் பிழைக்குறி ஒன்றைத் தரவேண்டும். ஒன்பதாம் படி அதனைச் சோதித்து எட்டாம் படிக்குத் தரவேண்டும். ஒரு படியிற் சோதனை மறக்கப்படினும் பிழையான விடை சரியான விடைபோல வெளிவந்துவிடும்.

1960ஆம் ஆண்டின் அல்கோல் மொழியில், ஒரு நடைமுறையின் உள்ளிருந்து, அதனைச் சூழ்ந்த பகுதியிலுள்ள அடையாளம் ஒன்றுக்கு நேரே தாவ இடமிருந்தது. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி உருவாக்கிய சீ மொழியில் அவ்வசதி இல்லை. அம்மொழியின் தாவற் கட்டளை ஒரு சார்பின் எல்லையைக் கடவாது. இக்குறையை நிரப்பும்பொருட்டு மொழியின் இலக்கணத்தில் எதுவும் சேர்க்கப்படவில்லை. செட்ஜம்ப், லோங்ஜம்ப் என்னும் இரண்டு கருவிகள் நூலகத்திற் சேர்க்கப்பட்டன. 1979ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இவை இடம்பெற்றிருந்தன. 1989ஆம் ஆண்டின் அமெரிக்க நியமமும் 1990ஆம் ஆண்டின் உலக நியமமும் இவற்றை ஏற்றுக்கொண்டன.

இவற்றின் செயலை இனி நோக்குவோம். மீளவேண்டிய இடத்தில் உள்ள சார்பு முதலிற் செட்ஜம்பை அழைக்கின்றது. செட்ஜம்ப் அக்கணத்துச் சூழ்நிலையை நினைவகத்தில் ஒரு சிறு பெட்டகத்திற் பதிந்துவிட்டு, பூச்சியம் என்னும் விடையுடன் மீளுகின்றது. செய்நிரல் வழமைபோல் தொடர்ந்து ஆழச் செல்கின்றது. ஆழத்தில் இடர் நேர்ந்தவிடத்து லோங்ஜம்ப் அழைக்கப்படுகின்றது. அது அப்பெட்டகத்திற் பதிந்திருந்தவற்றை எடுத்து உரிய இடங்களில் மீண்டும் வைக்கின்றது. அவ்வளவில், முன்னர் ஒருமுறை மீண்டுவிட்ட செட்ஜம்ப் இரண்டாம் முறையும் மீளுகின்றது. இம்முறை அது தரும் விடை பூச்சியமன்று. லோங்ஜம்புக்குக் கொடுக்கப்பட்ட எண்ணேயாகும். பூச்சியமே கொடுக்கப்பட்டிருப்பின் அது ஒன்றாக மாற்றப்படும். அன்றேல் முதல் மீட்சிக்கும் இரண்டாம் மீட்சிக்கும் வேறுபாடு தெரியாது போகும். ஒரு முறை அழைக்கப்பட்டுப் பல முறை மீளும் இவ்வியல்பே பயில்வோரை முதலில் மயக்குவது.

பெட்டகத்திற் பதியப்படுவது யாது? கணனியின் மையத்திலே பதிவகங்கள் எனப்படும் சிற்சில இடங்கள் உள. அவற்றுள் ஒன்று அடுத்து நிறைவேற்றவேண்டிய அறிவுறுத்தலின் முகவரியையும், மற்றொன்று அடுக்கின் உச்சியின் முகவரியையும் தாங்கும். வேறு சில, ஓர் அழைப்புக்கு முன்னும் பின்னும் மாறாதிருக்கவேண்டிய பெறுமானங்களைத் தாங்கும். இவையே பதியப்படுகின்றன. ஏழாம் பதிப்பு யுனிக்ஸ் ஓடிய பீ.டீ.பீ. 11 பொறியில் இப்பெட்டகம் மூன்று சொற்களே கொண்டது. இன்று பெருவழக்கிலுள்ள 64 பிற் இன்ரெல் வகைப் பொறியில், லினக்ஸ் முறைமையின் நூலகம் எட்டுப் பதிவகங்களைப் பதிகின்றது. ஒவ்வொன்றும் 8 பைற்று ஆதலின் அவை 64 பைற்றில் அடங்கிவிடும்.

ஈண்டு ஒன்றை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அடுக்கு பல்லாயிரம் பைற்று அளவினதாயிருக்க, பதியப்படுவது 64 பைற்று. எனவே அடுக்கிலுள்ள பொருள் பதியப்படவில்லை; அப்பொருள் இருக்கும் முகவரி மாத்திரமே பதியப்பட்டது. செட்ஜம்ப் எடுப்பது அக்கணத்தின் நிழற்படமன்று. ஓரிடத்துக்கு வழிகாட்டும் குறிப்பே. நெடுந்தாவல் பற்றிய விதிகள் யாவும் இவ்வோர் உண்மையிலிருந்தே பிறப்பன. அவற்றை மனனஞ்செய்ய வேண்டியதில்லை, உய்த்துணரலாம்.

முதல் விதி, செட்ஜம்பை அழைத்த சார்பு மீண்டு சென்றுவிட்டபின் அதனிடம் தாவலாகாது என்பது. முகவரி இருத்தல் வேறு, வீடு இருத்தல் வேறு. 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர்க் கொம்பனித்தெருவில் பழைய வரிசை வீடுகள் பல இடிக்கப்பட்டு, பேரை வாவியை அண்டி வானளாவும் மாடங்கள் எழுந்துள்ளன. அவ்வீடுகளில் ஒன்றின் முகவரியைப் பழைய கடிதத்திற் பார்த்து இன்று தேடிச் செல்வோன் அவ்விடத்தை அடைவான். தான் தேடிய வீட்டை அடையான். அவ்வாறே சார்பு மீண்டதும் அதன் சட்டகம் கைவிடப்படுகின்றது; அடுத்து அழைக்கப்படும் சார்புகள் அதே இடத்தில் தம் சட்டகங்களை எழுப்புகின்றன. பழைய முகவரிக்குத் தாவும் செய்நிரல் பிறர் பொருளைத் தன் பொருளென்று கருதி இயங்கும். சிலவேளை உடனே நின்றுவிடும். சிலவேளை நெடுநேரம் பிழைபட ஓடியபின் தொடர்பற்ற வேறோர் இடத்தில் வீழும். இந்நிலையில் நிகழ்வது யாதென நியமம் வரையறுக்கவில்லை. எனவே நெடுந்தாவல் அடுக்கிற் கீழ்நோக்கியே, அஃதாவது இன்னும் காத்து நிற்கும் ஒருவரை நோக்கியே, நிகழத்தக்கது.

இரண்டாம் விதி மாறிகளைப் பற்றியது. செட்ஜம்பை அழைக்குமுன் ஒரு மாறியின் பெறுமானம் 1 என்க. பின்னர் அதே சார்பு அதனை 5 ஆக்குகின்றது. அதன்பின் ஆழத்திலிருந்து தாவல் நிகழ்கின்றது. மீண்டபின் அம்மாறியின் பெறுமானம் என்ன? தொகுப்பி அம்மாறியை நினைவகத்தில் வைத்திருந்தால், அங்கே எழுதப்பட்ட 5 அழியாது நிற்கும். பதிவகத்தில் வைத்திருந்தால், பெட்டகத்திலிருந்த பழைய பெறுமானம் மீண்டும் ஏற்றப்பட்டு அது 1 ஆகிவிடும். இரண்டில் எதனைத் தெரிவதென்பது தொகுப்பியின் உரிமை. ஆதலின் சோதனையின்போது 5 தந்த அதே செய்நிரல், வேகம் கூட்டித் தொகுக்கப்பட்டபோது 1 தருதல் வியப்பன்று. இத்தகைய பெறுமானம் துணியப்படாதது என நியமம் கூறும். இடையில் மாற்றப்படும் மாறிக்கு வொலற்றைல் என்னும் அடைமொழி கொடுத்தால், தொகுப்பி அதனை எப்போதும் நினைவகத்திலேயே வைத்திருக்கும், ஐயம் நீங்கும்.

மூன்றாம் விதியே தொடக்கத்திற் கூறிய வாடகை வண்டியைப் பற்றியது. இடைப்பட்ட சார்புகள் கோப்புகளைத் திறந்திருக்கலாம். நினைவகத்தைக் கடனாகப் பெற்றிருக்கலாம். பொதுப்பொருள் ஒன்றைப் பிறர் தொடாதவாறு பூட்டியிருக்கலாம். ஒழுங்கான மீட்சியில் ஒவ்வொரு சார்பும் தான் திறந்ததை மூடிவிட்டு மீளும். நெடுந்தாவலில் அவற்றுக்கு அச்சந்தர்ப்பம் கிட்டுவதில்லை. அவற்றின் சட்டகங்கள் நீங்குகின்றன; அவற்றின் கடன்கள் நீங்குவதில்லை. திறந்த கோப்பு திறந்தபடியே நிற்கும். பூட்டு பூட்டியபடியே கிடந்து, அதற்காகக் காத்திருக்கும் பிற பகுதிகளை என்றும் காக்கவைக்கும். செய்நிரல் சரியான இடத்துக்கு மீண்டுவிட்டதாதலின் புறத்தே குற்றம் எதுவும் தோன்றாது. இவ்வகைப் பிழை கண்டறிதற்கு அரியதாதற்குக் காரணம் இதுவே.

நெடுந்தாவலை நாடோறும் பயன்படுத்தும் பெருஞ்செய்நிரல்கள் இக்கடனைத் தீர்க்கும் வழியையும் உடன்கொண்டே அமைந்துள்ளன. போஸ்கிறெஸ் என்னும் தரவுத்தள முறைமை ஒரு வினவலில் இடர் நேர்ந்ததும் இம்முறையாலேயே மீளுகின்றது. ஆயின் அவ்வினவலுக்காகப் பெற்ற நினைவகம் முழுவதும் ஒரே தொகுதியாய்க் கணக்கிடப்பட்டிருத்தலின், மீண்ட இடத்தில் அத்தொகுதியை ஒருங்கே விடுவித்தல் எளிதாகின்றது. பிறேசில் நாட்டிற் பிறந்த லுவா மொழியின் இயக்கியும், சீயில் தொகுக்கப்படும்போது, பிழையிலிருந்து மீள இம்முறையையே கொள்கின்றது. கைவிடப்பட்ட பொருள்களைத் தேடித் திரட்டும் ஏற்பாடு அதனகத்தே உண்டு. படக் கோப்புகளை வாசிக்கும் லிப்பிங் என்னும் நூலகம், தன்னைப் பயன்படுத்துவோரே மீண்ட இடத்தில் நின்று தாம் பெற்றவற்றை விடுவிக்கவேண்டும் என எதிர்பார்க்கின்றது. வழிகள் மூன்றாயினும் கொள்கை ஒன்றே: தாவுவோன் தீர்க்கமாட்டாத கடனைக் காத்து நிற்போன் அறிந்திருத்தல் வேண்டும்.

இடத்தை மீட்டலும் சூழ்நிலையை மீட்டலும் ஒன்றென எண்ணுதல் எத்துணை எளிது என்பதற்கு யுனிக்ஸ் முறைமையின் வரலாறே சான்று பகரும். 1975ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் ஆறாம் பதிப்பில், ஒரு செய்நிரலை நிறுத்தி மற்றொன்றை ஓடவிடும் பகுதியில், நெடுந்தாவலை ஒத்த சிறு கருவிகள் கையாளப்பட்டன. அங்கே ஓரிடத்தில், வாசிப்போர் இதனை விளங்கிக்கொள்ள வேண்டுமென எதிர்பார்க்கப்படவில்லை என்ற கருத்துப்பட ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் என்னும் ஆசிரியர் தம் மாணாக்கர்க்காக 1976, 1977ஆம் ஆண்டுகளில் அம்மூலநிரலுக்கு உரை வகுத்தார். உரிமைக் கட்டுப்பாட்டினால் அந்நூல் அச்சேறத் தடையிருந்தமையால் நிழற்பிரதிகளாய்க் கைமாறி வழங்கியது. 1996ஆம் ஆண்டிலேயே முறைப்படி வெளியாயிற்று. அவ்வுரையின் வழியே அக்குறிப்பும் உலகறிந்ததாயிற்று.

அக்குறிப்பைப் பலர் இறுமாப்பென்று கொண்டனர். இது பரீட்சைக்கு வராது என்று ஆசிரியர் சொல்வது போன்றதே அது எனப் பிற்காலத்தில் றிச்சி விளக்கினார். அதனினும் மேலாக, உண்மையில் விளங்கிக்கொள்ளாதிருந்தோர் தாமே என்றும் ஒப்புக்கொண்டார். ஆறாம் பதிப்பின் கருவிகள் ஒரு சார்பில் நின்று சூழ்நிலையைப் பதிந்து, வேறொரு சார்பில் நின்று அதனை மீட்டன. மீட்ட சார்பின் முடிவிலுள்ள மீளும் கட்டளை, பதிந்த சார்பின் சட்டகத்தின் மேல் இயங்கியது. பீ.டீ.பீ. 11 பொறியின் தொகுப்பி எல்லாச் சார்புகளுக்கும் ஒரே வடிவான சட்டகத்தை அமைத்தமையால் இப்பொருத்தமின்மை மறைந்திருந்தது. 1977ஆம் ஆண்டளவில் யுனிக்ஸ் இன்ரடேற்றா என்னும் பொறிக்கு மாற்றப்பட்டபோது, அதன் தொகுப்பி ஒவ்வொரு சார்புக்கும் அதற்கு வேண்டிய பதிவகங்களை மாத்திரம் பாதுகாத்தது. ஒரு சார்பின் சட்டகத்தை மற்றொன்றின் மீளும் கட்டளையால் அவிழ்த்தல் இனி இயலாதாயிற்று. எனவே ஏழாம் பதிப்புக்காகக் கென் தொம்சனும் றிச்சியும் அக்கருவிகளை முற்றாக மாற்றி எழுதினர். பதியும் கருவியே, முதன்முறை பூச்சியத்துடனும், பின்னர் மீட்கப்படும்போது ஒன்றுடனும், தான் அழைக்கப்பட்ட அதே இடத்திலே மீளுமாறு அமைக்கப்பட்டது. செட்ஜம்பின் இரட்டை மீட்சியும் இவ்வகையினதே. பதிந்தவன் யாரோ அவனிடமே மீட்சி என்னும் நியதி, பிழையின் வாயிலாகக் கற்கப்பட்ட ஒன்றாகும்.

அறவே சென்றுவிட்டபின் மீண்டும் வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டுமாயின் யாது செய்வது? இதற்குரிய விடையொன்றைக் கொழும்பிலேயே காணலாம். 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 என்னும் நிறுவனத்தில், சஞ்ஜீவ வீரவரணவின் முன்னெடுப்பில், பலரினா என்னும் செய்நிரல் மொழி உருவாயிற்று. 2017ஆம் ஆண்டில் அது அறிவிக்கப்பட்டது, அதன் 1.0 பதிப்பு 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்மொழியிற் பானிக் என்னும் கூற்று சார்புகள் பலவற்றைக் கடந்து மேலே செல்லும் இடர்க்குரல். ட்ராப் என்னும் கூற்று அதனைத் தாங்கி ஒரு பிழைப்பெறுமானமாக ஆக்கும் கண்ணி. இவை நெடுந்தாவலின் பணியை ஒழுங்குடன் ஆற்றுவன.

அதனினும் நோக்கற்பாலது அம்மொழியின் இழைகள் இயங்கிய முறை. 1.0 பதிப்பின் செய்நிரல்கள் ஜாவா மெய்நிகர்ப் பொறியின் மேல் ஓடின. அப்பொறி தன் அடுக்கையோ பதிவகங்களையோ செய்நிரல் தொட விடாது. ஆதலின் செட்ஜம்ப் போன்ற ஒன்றுக்கு அங்கே இடமில்லை. ஓர் இழை வலையமைப்பின் மறுமொழிக்காகக் காத்திருக்க நேர்ந்தால், அதிலுள்ள ஒவ்வொரு சார்பும் தன் மாறிகளின் பெறுமானங்களையும் தான் நின்ற இடத்தையும் ஒரு தனிப்பொருளில் எழுதி வைத்துவிட்டு முறையே மீண்டுவிடும். மறுமொழி வந்தபின் ஒவ்வொரு சார்பும் மீண்டும் அழைக்கப்பட்டு, எழுதி வைத்தவற்றை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். இங்கே பதியப்படுவது முகவரியன்று, பொருளே. அதனாலேயே சட்டகம் அழிந்தபின்னும் மீட்சி இயலுவதாகின்றது. இதற்கு விலையும் உண்டு. 64 பைற்றுக்குப் பதிலாக ஒவ்வொரு சார்பின் உடைமையும் எடுத்துவைக்கப்படல் வேண்டும். அதற்கான அறிவுறுத்தல்களை ஒவ்வொரு சார்பினுள்ளும் தொகுப்பி எழுதிச் சேர்த்தல் வேண்டும். நெடுந்தாவல் விரைவானது, ஆனால் காத்து நிற்போனிடமே செல்லவல்லது. பொருளைச் சுமந்து செல்லும் முறை மெதுவானது. ஆனால் வீடு இடிந்தபின்னும் அதனை மீண்டும் எழுப்பவல்லது.

1968ஆம் ஆண்டில் டைக்ஸ்றா தாவற் கட்டளைகளின் தீங்கை எடுத்துரைத்த கடிதம் வெளிவந்தபின், தாவல் என்றாலே விலக்கத்தக்கது என்னும் எண்ணம் மாணாக்கரிடையே பரவிற்று. சீ மொழியில் எழுதப்பட்ட தரவுத்தளங்களும் மொழி இயக்கிகளும் நெடுந்தாவலின்றி எழுதப்படின், நூற்றுக்கணக்கான இடங்களிற் பிழைக்குறிச் சோதனைகள் நிரம்பி, அவற்றுள் ஒன்று தவறினும் பிழை பரவும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். முற்றாக விலக்குதலினும் அளவறிந்து கொள்ளுதலே தக்கது. தாவுமுன் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: எவரிடம் மீள்வதோ அவர் இன்னும் அங்கே நிற்கின்றாரா? இடையில் மாறிய பெறுமானங்களில் எவற்றை நம்பலாம்? கடந்து செல்லப்படுவோரின் கடன்களைத் தீர்ப்பவர் யார்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தவிடத்துத் தாவுதல் குற்றமன்று. மூன்றாவதற்கு விடை தெரியாதவிடத்து, பத்துப் படிகளையும் ஒவ்வொன்றாக இறங்கி வருதலே விரைவான வழியாகும். ஏனெனில், விடுவிக்கப்படாத வண்டிக்கான வாடகை புறக்கோட்டையில் ஏறிக்கொண்டேயிருக்கும்.